ஜெரார்தாவின் சாண்

மொந்தெகூபோ
4 மார்ச் 1961

மேஸ்திரி கானியோவுக்கு,

"அன்புள்ள" என்று தொடங்கலாமா என்று பேனாவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. அதனால் உன் தொழிலைச் சொல்லியே கூப்பிடுகிறேன்.

நீ கிளம்பிப் பதினேழு நாள் ஆகிறது. பேருந்து வளைவில் திரும்பும்போது கையசைத்தாய். நான் அசைக்கவில்லை. இரண்டு கையிலும் மாவுப் பலகையைப் பிடித்திருந்தேன் என்று கேட்டவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன். பலகை இல்லை என்று உனக்குத் தெரியும்.

போன சனிக்கிழமை ஊர்ப் பொது அடுப்புக்குப் போனேன். அடுப்புக்காரி போர்ட்ஸியா வாசலிலேயே நின்றுகொண்டு, வரிசையில் இருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "வாங்க வாங்க, ஒத்த ரொட்டிக்காரி வந்தாச்சு! புருஷன் பஸ் ஏறினா ரொட்டியும் கூடவே ஏறிடும் போல" என்றாள். அவள் வாய் அப்படி, மனசில் ஒன்றும் கிடையாது. ஆனால் இந்த ஊரில் யார் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று விசாரிக்கவே வேண்டாம், பலகையில் எத்தனை ரொட்டி என்று பார்த்தால் போதும். கிறிஸ்துமஸிலிருந்து பிப்ரவரி வரை எல்லார் பலகையிலும் மூன்று, நான்கு. மற்ற மாதமெல்லாம் ஒன்று, ஒன்று, ஒன்று.

நமக்குக் கல்யாணமான வாரம், இடிந்த மாவு ஆலையிலிருந்து செங்கல் ஏற்றி வந்து அத்தி மரத்தடியில் அடுக்கினாய். "உன் ரொட்டி அடுப்பு இங்கதான் வரும்" என்றாய். அதன் பிறகு நாலு குளிர்காலம் வந்தாய். அந்த அடுக்கைச் சுற்றி நடந்தாய். உறைபனியில் சாந்து இறுகாது, பொடிந்துவிடும் என்றாய். போனாய். நீ சொன்னது பொய்யில்லை. மேஸ்திரிகள் எல்லோரும் பனிக்காலத்துக்கு மட்டும் வீட்டுக்கு வருகிற ஊரில் எந்தச் சுவர்தான் முடியும்? வெளிநாட்டில் மலைக்கு மலை அணை கட்டுகிறீர்கள், நம் தெருவில் பாதி வீட்டுக்கு மாடிப்படி பாதியில் நிற்கிறது.

ஆனால் இந்தத் தடவை கிளம்புகிற அன்று நீ சொன்னது வேறு. "வருஷம் முழுக்க வேலைன்னு இலையுதிர் காலத்துல காகிதம் குடுக்கப் போறாங்க. கையெழுத்துப் போட்டா குளிர்காலத்துலயும் அங்கதான். அப்புறம் அடுப்பு யாருக்கு?" அந்தக் கடைசி வார்த்தை இன்னும் இந்தச் சமையலறையிலேயே உட்கார்ந்திருக்கிறது.

எனக்குத்தான். நானே கட்டுகிறேன். நம் அடுப்பில் சுட்ட ரொட்டியை ஒரு வாய் தின்றுவிட்டு அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடு, அதற்கு முன்னால் போடாதே. நான் கேட்பது இது ஒன்றுதான். எப்படிக் கட்டுவது என்று எழுது.

ஜெரார்தா


அணை முகாம்
20 மார்ச் 1961

ஜெரார்தாவுக்கு,

செங்கல்லைத் தொடாதே.

கல்யாணம் பண்ணிப்பார், வீட்டைக் கட்டிப்பார் என்பார்கள். முதலாவதைப் பண்ணியதற்கே நாம் படுகிற பாடு தெரிகிறது. வளைந்த கூரை விளையாட்டில்லை. ஒரு கல் தப்பினால் எல்லாக் கல்லும் தப்பும். எனக்கு வளைவு கட்டக் கை வருவதற்கு ஆறு வருஷம் ஆனது. நீ பொது அடுப்புக்கே போ. போர்ட்ஸியா எதையாவது சொன்னால் சொல்லட்டும்.

இங்கே இன்னும் பனி போகவில்லை. சுவர் மேல் நின்றால் மேகம் காலுக்குக் கீழே போகிறது.

கானியோ

பி.கு.: கட்டித்தான் தீருவேன் என்றால், முதலில் இடுப்பு உயரத்துக்குக் கல் மேடை. அதன் மேல் உடைந்த கண்ணாடியும் கல்லுப்பும் கலந்து நாலு விரல் கனத்துக்குப் பரப்பு, சூடு கீழே இறங்காது. அதற்கு மேல் மணல், மணல் மேல் தளச் செங்கல், சாந்து இல்லாமல், ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு. இதைச் சொன்னேன் என்பதற்காகக் கட்டச் சொன்னேன் என்று அர்த்தமில்லை.


மொந்தெகூபோ
11 ஏப்ரல் 1961

மேஸ்திரிக்கு,

உன் கடிதத்தில் பின்குறிப்பை மட்டும்தான் படித்தேன். மற்றதைத் தெரெசீனாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் சிரித்து முடிக்க நேரமானது. பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு அவளும் என் மாதிரிதான் தின்கிறாள், ஒற்றை ரொட்டி. அவள் புருஷன் பாதி எழுப்பிவிட்டுப் போன சுவருக்கு அவள் ஒரு பெயர் வைத்திருக்கிறாள், அதை எழுத முடியாது.

மேடை முடிந்தது. தோட்டத்துக் கருங்கல்லை நானும் அவளும் உருட்டி வந்தோம். காலி ஒயின் பாட்டில்களைச் சாக்கில் போட்டுச் சுத்தியலால் அடித்தேன். ஒவ்வொன்றை உடைக்கும்போதும் உன்னை நினைத்துக்கொண்டேன், நன்றாக உடைந்தன. உப்பையும் கண்ணாடியையும் கலந்து பரப்பினபோது வெயில் விழுந்து, மேடை முழுக்கப் பச்சையாக மின்னியது. கடலை நான் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன், நீதான் கூட்டிப் போனாய். அது நினைவுக்கு வந்தது. மணல் போட்டு மூட மனசு வரவில்லை. ஒரு நாள் முழுக்க அப்படியே விட்டுவைத்தேன்.

இப்போது தளம் எவ்வளவு அகலம், கூரை எவ்வளவு உயரம், வாய் எவ்வளவு? சீக்கிரம் எழுது. வாதுமைப் பூவெல்லாம் உதிர்ந்து சாந்துக் குழியில் விழுகிறது.

ஜெரார்தா


அணை முகாம்
30 ஏப்ரல் 1961

ஜெரார்தா,

நீ சொன்னால் கேட்கிறவள் இல்லை. சரி. எழுதிக்கொள்.

தளம் வட்டம், குறுக்கே ஆறு சாண். நடுவில் கூரை மூன்று சாண். வாய் உயரம் இரண்டு சாண், அகலமும் இரண்டு. இந்தக் கணக்கை மட்டும் மாற்றாதே. கூரை உயரத்தை மூன்றாகப் பிரித்தால் அதில் இரண்டு பங்குதான் வாய். கூடினால் சூடு நிற்காது, குறைந்தால் புகை வெளியே வராது. தளத்தின் மேல் ஈர மணலைக் குவித்து, கையால் தட்டித் தட்டி வளைவு எடு. அதன் மேல் நனைந்த காகிதம் ஒட்டு, சாந்து மணலோடு ஒட்டாமல் இருக்க. பிறகு கல்லைக் கீழிருந்து சுற்றிச் சுற்றி அடுக்கு. கடைசிக் கல்லை இறுக்கமாக அடித்து இறக்கு. மூன்று வாரம் மணலைத் தொடாதே. அப்புறம் வாய் வழியாகத் தோண்டி எடு. ஒன்பது ரொட்டி கொள்ளும்.

நேற்று மதியம் சாப்பிட்டுவிட்டு அணைச் சுவரிலேயே சாய்ந்து தூங்கிவிட்டேன். கீழே பள்ளத்தாக்கு முழுக்க மேகம். கனவில் அதெல்லாம் மாவு. நீ முழங்கை வரைக்கும் இறக்கிப் பிசைந்துகொண்டிருந்தாய், மலைகள் மாவுத் தொட்டியின் விளிம்பு. நான் அடுப்புக்குள்ளே நின்றுகொண்டிருந்தேன், நிற்கிற அளவுக்கு உயரமாக இருந்தது. ஒரு கல்லைத் தட்டினேன், மணி மாதிரி ஒலித்தது. நீ வெளியிலிருந்து, "யாரு?" என்றாய். என் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தேன், பெயர் வரவில்லை. எழுப்பியது கூட வேலை பார்க்கிற சவெரியோதான். "டேய், தூக்கத்துல எதுக்குடா சொவத்தத் தட்டற?" என்றான்.

கானியோ


மொந்தெகூபோ
22 ஜூன் 1961

மேஸ்திரிக்கு,

நின்றுவிட்டது. கேட்கிறதா? கூரை விழாமல் நின்றுவிட்டது!

மணலைக் குவித்து வளைவு எடுத்த அன்று தெரெசீனா சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏன்டி, மேஸ்திரி ஊர்லயே இல்ல, வயிறு மட்டும் எப்படிடி வந்துச்சு?" என்றாள். அதைத் தட்டித் தட்டி உருண்டையாக்கும்போது எனக்கும் சிரிப்பும் வெட்கமுமாக இருந்தது.

காகிதம்தான் கிடைக்கவில்லை. செய்தித்தாள் பாதிரியார் ஒருவர்தான் வாங்குகிறார், அதையும் வெங்காயம் கட்டக் கொடுத்துவிடுகிறார். அதனால் உன் கடிதங்களை எடுத்தேன். நாலு வருஷத்துக் கடிதங்கள், நாற்பத்திரண்டு. தண்ணீரில் முக்கி ஒவ்வொன்றாக ஒட்டினேன். கோபித்துக்கொள்வாய் என்று தெரியும், ஒட்டிய பிறகுதான் தெரிந்தது.

நேற்று மணலை எடுத்து முடித்தேன். உள்ளே கல் இடுக்கைப் பூச வேண்டும் என்று வாய் வழியாக நுழைந்தேன், கால் மட்டும் வெளியே. வெளியில் நெருப்பாய் வெயில், உள்ளே கிணற்றடி மாதிரி குளிர்ச்சி. நிமிர்ந்து பார்த்தால் தலைக்கு மேலே உன் கையெழுத்து. காகிதம் உரிந்துவிட்டது, மை சுண்ணாம்பில் தங்கிவிட்டது, எல்லாம் இடம் வலம் மாறி. கண் பழகப் பழகப் படிக்க முடிந்தது. ஒரு கல்லில் "குளிர்காலம்". அடுத்த கல்லில் "வருகிற குளிர்காலம்". உச்சிக் கல்லுக்குப் பக்கத்தில் "கட்டாயம்". நாலு வருஷமாக நீ எழுதினதெல்லாம் என் மேல் கவிந்திருந்தது. என் மூச்சு அதில் பட்டு என்னிடமே திரும்பி வந்தது. படித்துக்கொண்டே தூங்கிவிட்டேன் போல. எழுந்தபோது வெயில் அத்தி மரத்தைத் தாண்டியிருந்தது. இத்தனை நிம்மதியாகத் தூங்கி ரொம்ப நாள் ஆகிறது.

அளவு பார்க்கத் தட்டுகளை வைத்துப் பார்த்தேன். ஐந்து ரொட்டி கொள்ளும்.

ஜெரார்தா


அணை முகாம்
9 ஜூலை 1961

ஜெரார்தா,

நாற்பத்திரண்டையுமா? ஒன்றைக்கூடவா வைத்துக்கொள்ளவில்லை? குளிரில் விரல் விறைக்க விறைக்க எழுதியவை. சவெரியோவிடம் சொன்னேன், "எங்க வீட்டுல எல்லாம் கடுதாசிய அடுப்புல போடுவாங்க. உங்க வீட்டுல கடுதாசியிலயே அடுப்பு கட்டறாங்க" என்றான். மூன்று நாள் கோபமாக இருந்தேன். நாலாம் நாள், நீ சொன்ன வார்த்தைகளைத் தவிர அவற்றில் வேறு என்ன எழுதினேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

அது கிடக்கட்டும். ஐந்து ரொட்டி என்கிறாயே? ஆறு சாண் தளத்தில் ஒன்பது கொள்ள வேண்டும். நான் கணக்குத் தப்புகிறவன் இல்லை. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். சுவர் மேல் கையை விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. ஜெரார்தா, யாருடைய சாண்?

சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பார்கள். நீ ஏறின சாணே குறைந்த சாண். என் கையை இந்தக் காகிதத்தில் வைத்து வரைந்திருக்கிறேன். இதுதான் சாண். என் அப்பாவும் மாமனும் அளந்தது இதே அளவு கையால்தான். இனி இடித்துக் கட்டவும் முடியாது.

கானியோ


மொந்தெகூபோ
30 ஜூலை 1961

மேஸ்திரிக்கு,

உன் கை வந்து சேர்ந்தது. மேசையில் விரித்து அதன் மேல் என் கையை வைத்துப் பார்த்தேன். சுற்றிலும் இடம் மிச்சம். கொஞ்ச நேரம் கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தேன். அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். கட்டுகிறவள் கையில் இல்லாத சாண் வேறெங்கே இருக்கும்? நீ தபாலில் அளவை அனுப்பினாய், கையை அனுப்பவில்லை. தளமும் என் சாண், கூரையும் என் சாண், வாயும் என் சாண். அதனால்தான் நிற்கிறது. போர்ட்ஸியாகூட வந்து பார்த்தாள். வாய்க்குள்ளே தலையை விட்டு, "வாய் சின்னது, சூடு நிக்கும்" என்றாள். அவள் யாரையும் புகழ்ந்து நான் கேட்டதில்லை. உன் தோள் இதற்குள் நுழையாது என்பது உண்மை. நுழைய வேண்டிய வேலையெல்லாம் எனக்குத்தான்.

இன்னொரு சேதி. தெரெசீனா தனக்கும் ஒன்று கட்டித் தரச் சொல்லிக் சாந்து பூசுகிற கரணையும் கையுமாக வந்து நிற்கிறாள். அவள் கையால் அளந்தோம். அம்மாடி, அது கையா முறமா! அவளுடையது எட்டு ரொட்டி கொள்ளும். அவளைப் பார்த்து மேலத்தெருவிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். மேஸ்திரி இல்லாத மேஸ்திரி வீடு இந்த ஊரில் பதினொன்று இருக்கிறது, எண்ணிப் பார்த்தாயா?

என் அடுப்பு காய்ந்துகொண்டிருக்கிறது. மாதா திருநாள் கழியட்டும், ஈரம் முழுக்கப் போனதும் தீ வைக்கிறேன்.

ஜெரார்தா


அணை முகாம்
14 செப்டம்பர் 1961

ஜெரார்தா,

காகிதம் வந்துவிட்டது. நவம்பர் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். கிடங்கில் வேலை, கூரைக்குக் கீழே, பனியில் நிற்க வேண்டாம். இந்தக் கிறிஸ்துமஸுக்கு வர முடியாது, அடுத்ததற்கும் சொல்ல முடியாது. சில வருஷம் கழித்து உன்னையும் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்கிறார்கள். எத்தனை வருஷம் என்று கேட்டேன். மேலாளர் சன்னல் வழியாக மலையைப் பார்த்தார்.

இன்னும் கையெழுத்துப் போடவில்லை. போடுவேன் என்றுதான் நினைக்கிறேன். மறைக்கக் கூடாது என்று எழுதுகிறேன். முதல் தீயை மட்டும் அவசரப்படாமல் வை. ஏழு நாள், சின்னச் சின்னதாக. வைக்கோல், அப்புறம் திராட்சைச் சுள்ளி, கடைசியில்தான் விறகு.

கானியோ


மொந்தெகூபோ
3 அக்டோபர் 1961

கானியோ,

உன் கடிதம் வந்தபோது இரண்டாம் நாள் தீ. சுள்ளிதான் போட்டிருந்தேன். படித்துவிட்டு ஆலிவ் விறகு மொத்தத்தையும் உள்ளே தள்ளினேன். சுவாலை வாய்க்கு வெளியே வந்து அத்தி இலையைக் கருக்கியது. பார்த்துக்கொண்டே நின்றேன். டப்பென்று ஒரு சத்தம்.

வாயிலிருந்து பின்பக்கம் வரைக்கும் விரிசல். விரல் நகம் நுழைகிறது.

வேண்டுமென்றே செய்தேன். இனி எழுத ஒன்றுமில்லை. உனக்குத் தோன்றியபடி செய்.

ஜெரார்தா


அணை முகாம்
12 அக்டோபர் 1961

ஜெரார்தா,

உன் கடிதத்தைப் படித்ததும் உட்கார்ந்து எழுதுகிறேன், கையில் சாந்து அப்படியே இருக்கிறது.

இடித்துவிடாதே. விரியாத அடுப்பு எரியாத அடுப்பு என்று எங்கள் தொழிலில் சொல்வோம். உச்சிக் கல் இறங்கியிருக்கிறதா என்று மட்டும் பார். இறங்கவில்லை என்றால் அது சாகாது. களிமண், சலித்த சாம்பல், கொஞ்சம் ஆட்டு மயிர் சேர்த்துக் குழைத்து உள்பக்கமாக அடை. விரலால் அடை, கரணை வேண்டாம். பிறகு அந்த ஏழு நாளை முதலிலிருந்து தொடங்கு. சூடேறும்போது கல் விரிந்து உள்ளே விரிசல் மூடிக்கொள்ளும். ஆறினால் கொஞ்சம் தெரியும். எல்லா அடுப்பும் அப்படித்தான். நான் கட்டினதும் அப்படித்தான்.

பக்கத்தில் இருந்திருந்தால் நானே அடைத்திருப்பேன் என்று எழுத நினைத்தேன். அப்புறம்தான் என் தோள் நுழையாது என்பது ஞாபகம் வந்தது. இந்த உலகத்தில் அதற்குள் போய்ச் சரிசெய்யக்கூடிய மேஸ்திரி நீ ஒருத்திதான்.

காகிதம் என் தலையணைக்கு அடியில் இருக்கிறது.

கானியோ


மொந்தெகூபோ
5 நவம்பர் 1961

கானியோவுக்கு,

அடைத்தேன். மல்லாந்து படுத்துக்கொண்டு, தலைக்கு மேல் விரலால். விரிசல் உன் எழுத்துக்களின் குறுக்கே ஓடியிருந்தது. "கட்டாயம்" மட்டும் தப்பித்தது. களிமண் கண்ணில் விழுந்தது, அழுகை அதனால் என்று வைத்துக்கொள்.

ஏழு நாள் பொறுமையாக இருந்தேன். எட்டாம் நாள் காலை விறகு. கூரை முதலில் கறுத்தது, உன் எழுத்தெல்லாம் கறுப்பில் போனது. அப்புறம் உச்சியிலிருந்து மெல்ல வெளுக்க ஆரம்பித்தது. கரியே எரிந்துபோய், கல் எலும்பு மாதிரி வெள்ளையாக, சுத்தமாக. ஒரு எழுத்துகூட இல்லை. கனவில் பார்க்கிற மாதிரி வாய் பிளந்து நின்றேன். தெரெசீனா முதுகில் தட்டி, "மாவு பொங்குதுடி, வாயை மூடிட்டு ரொட்டியப் போடு!" என்றாள்.

இரண்டு போட்டேன். ஒன்று எனக்கு. இன்னொன்றை வெட்டாமல் துணியில் சுற்றி உனக்கு அனுப்புகிறேன். போய்ச் சேர்வதற்குள் காய்ந்துவிடும், நனைத்துத் தின்னு. ஒரு வாய் தின்றுவிட்டுக் கையெழுத்துப் போடு என்று மார்ச்சில் சொன்னேன், ரொட்டி வந்துவிட்டது. இனி உன் இஷ்டம். நீ வந்தால் சந்தோஷப்படுவேன். வராவிட்டாலும் எனக்கு வசந்தத்தில் நாலு அடுப்பு வேலை இருக்கிறது. இரண்டுமே உண்மை.

ஜெரார்தா


அணை முகாம்
24 நவம்பர் 1961

மேஸ்திரி ஜெரார்தா அவர்களுக்கு,

சித்தாள் வேலை கேட்டு, கானியோ எழுதிக்கொள்வது.

தாங்கள் அனுப்பிய ரொட்டி செங்கல்லாக வந்து சேர்ந்தது. தட்டிப் பார்த்தேன், மணி மாதிரி ஒலித்தது. கனவில் கேட்ட அதே ஒலி. சூப்புத் தண்ணீரில் நனைத்து ஒரு வாய் தின்றேன். சவெரியோ, "என்னடா, ரொட்டியத் தின்னுட்டு எதுக்குடா அழுவற?" என்றான். புகை என்றேன். "புகையா? அடுப்பு ஆயிரம் மைல் தள்ளி இருக்குடா!" என்றான். அவனுக்கும் பாதி கொடுத்தேன். தின்றுவிட்டு என் பங்குக்கும் கை நீட்டினான்.

காகிதத்தை வெறுமையாக மேலாளர் மேசையில் வைத்துவிட்டேன். "ஒரு அடுப்புக்காகவா?" என்று கேட்டார். பதினொன்று என்றேன்.

அனுபவம்: பதினான்கு வருஷம், அணை, பாலம், புகைபோக்கி. மணல் சலிப்பேன், சாந்து குழைப்பேன், கல் எடுத்துக் கொடுப்பேன், திட்டினால் வாங்கிக்கொள்வேன். குறைகள்: தோள் அகலம், உள்வேலைக்கு ஆக மாட்டேன். பிப்ரவரி பிறந்தால் பேருந்து ஏறுகிற பழக்கம் இருந்தது, விட்டுவிட்டேன். கூலி: சனிக்கிழமைதோறும் ரொட்டி.

டிசம்பர் இருபத்துமூன்றாம் தேதிப் பேருந்தில் நேரில் வந்து நிற்கிறேன். வேலை உண்டா, இல்லையா?

கானியோ


மொந்தெகூபோ
4 டிசம்பர் 1961

அன்புள்ள கானியோ,

உண்டு.

இருபத்துமூன்றாம் தேதி சனிக்கிழமை. காலையிலேயே தீ வைத்துவிடுவேன். பேருந்து வளைவில் திரும்பும்போது அத்தி மரத்துக்கு மேலே புகை தெரியும். பலகையில் இரண்டு ரொட்டி இருக்கும். பிப்ரவரியில் பனி விட்டதும் மேலத்தெருவில் முதல் வேலை. இந்தத் தடவை சாந்து இறுகும்போது நீயும் இருப்பாய்.

இந்தக் காகிதத்தில் என் கையை வைத்து வரைந்திருக்கிறேன். உன் கையை அதன் மேல் வைத்துப் பார்த்துப் பழகு. மிஞ்சுகிற விரலை மடக்கிக்கொண்டு வா. இங்கே சாண் என்றால் இதுதான்.

ஜெரார்தா